லேப்டாப் ஏன் கொதிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் ஏற ஆரம்பித்தால் போதும், தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லாரும் என்னிடம் கேட்பது லேப்டாப் சூட்டைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே, இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பலர் காரணம் என்ன என்று பார்க்காமலே கடைக்குப் போய், ப்ராசஸர் மேல் தடவியிருக்கும் வெப்பம் கடத்தும் பேஸ்ட்டை மாற்றிவிட்டு, பத்து நாளில் அதே சூட்டோடு திரும்பி வருகிறார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை, அரை மணி நேரம் போதும். முதலில் அதைச் செய்யுங்கள்.

1. லேப்டாப்னா சூடாகத்தானே செய்யும், எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை?

ஆமாம், சூடாகத்தான் செய்யும். ப்ராசஸர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்கச் சூடாகத்தான் மாறுகிறது. சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி வரை இயல்பு, நம் ஊர் மே மாதத்தில் 60 வந்தாலும் கவலை இல்லை. வீடியோ எடிட்டிங், கேம் போன்ற கனமான வேலையில் 80, 90 போவதும் இன்றைய மெல்லிய லேப்டாப்களில் சாதாரணம்தான்.

இன்டெல் ப்ராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி, ஏஎம்டி ரைசனில் பெரும்பாலும் 95 அல்லது 100. அந்த வரம்பைத் தொட்டதும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்குத்தான் த்ராட்லிங் என்று பெயர். அதையும் மீறி ஏறினால் பாதுகாப்புக்காக மொத்தமாக அணைந்துவிடும். அதனால் ஒரு கேம் திறக்கும்போது இரண்டு மூன்று விநாடி 95-ஐத் தொட்டு இறங்கினால் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு வேர்ட் ஃபைல் திறந்திருக்கும்போது 95 என்றால் அதுதான் கோளாறு.

2. தொட்டாலே சுடுது, அதை வச்சே சொல்ல முடியாதா?

அளவைச் சொல்ல முடியாது, இடத்தைச் சொல்லலாம். அலுமினிய உடம்பு கொண்ட லேப்டாப் அதே வெப்பநிலையில் பிளாஸ்டிக்கைவிட அதிகமாகச் சுடும், ஆகவே கை ஏமாற்றும். ஆனால் எங்கே சுடுகிறது என்பது நல்ல தடயம். கீபோர்டின் மேல் வரிசை, திரை மடங்கும் இடம் சுட்டால் ப்ராசஸர் பக்கம். மணிக்கட்டு வைக்கும் இடம், டச்பேட் பக்கம் சுட்டால் அநேகமாக பேட்டரி, ஏனென்றால் பெரும்பாலான மாடல்களில் பேட்டரி அங்கேதான் படுத்திருக்கிறது. அப்படியானால் நேராக 12-ஆம் கேள்விக்குப் போங்கள்.

அளவு தெரிய ஒரு மென்பொருள் வேண்டும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் தனி கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டைக் காட்டும், ப்ராசஸரின் சூட்டைக் காட்டாது. எச்டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப் இரண்டும் இலவசம், அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். லினக்ஸ் என்றால் எல்எம் சென்ஸார்ஸ் போதும்.

3. சாஃப்ட்வேர் போட்டாச்சு, ஏகப்பட்ட நம்பர் ஓடுது. எதைப் பார்க்கணும்?

இரண்டே எண்கள்: ப்ராசஸர் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, அப்போது எத்தனை டிகிரி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. லேப்டாப் கொதிப்பதற்கு இரண்டே வகைக் காரணம்தான் உண்டு. சூடு அதிகமாக உண்டாகிறது, அல்லது உண்டான சூடு வெளியே போகவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரியாமல் செய்யும் எந்த வேலையும் குருட்டு வைத்தியம்.

லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, எதையும் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள், விண்டோஸ் தன் ஆரம்ப வேலைகளை முடிக்கட்டும். அதன்பிறகு ப்ராசஸர் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தும் 70 டிகிரிக்கு மேல் காட்டினால் சூடு வெளியே போகவில்லை. 40, 60 சதவீதம் என்று ஓடிக்கொண்டிருந்தால் பின்னால் ஏதோ வேலை நடக்கிறது, 5-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

அடுத்து வேலை கொடுத்துப் பாருங்கள். நாலைந்து ஜிபி உள்ள ஒரு ஃபோல்டரை ஜிப் செய்ய விட்டால் போதும். சூடு எப்படி ஏறுகிறது என்பதுதான் இங்கே முக்கியம், எவ்வளவு ஏறுகிறது என்பது அதற்கு அப்புறம்தான். ஆரம்பித்த ஓரிரு விநாடியில் 50-லிருந்து 95-க்குத் தாவி, நிறுத்தியதும் அதே வேகத்தில் விழுந்தால், சிப்புக்கும் அதன் மேல் இருந்து சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பாகமான ஹீட் சிங்குக்கும் நடுவே தொடர்பு சரியில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறி, நிறுத்திய பிறகும் இறங்க நேரம் எடுத்தால், காற்றுப் பாதையில் அடைப்பு. ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்களில் ஒன்று மட்டும் எப்போதும் மற்றவற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாகக் காட்டினால் ஹீட் சிங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. டர்போ, அதாவது தேவைப்படும்போது சிறிது நேரம் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி, உள்ள புது ப்ராசஸர்கள் ஆரோக்கியமாக இருக்கும்போதே வேகமாகத் தாவும், ஆகவே இந்த அடையாளத்தை அடுத்த கேள்வியின் கைச் சோதனையோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

4. ஃபேன் சத்தம் வருது, ஆனா சூடு குறையல. ஃபேன் நல்லா ஓடுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கையை வைத்துத்தான். ஜிப் செய்யும் வேலை ஓடும்போதே, காற்று வெளியே வரும் துளைகளுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். காற்று வேகமாகவும் நல்ல சூடாகவும் வந்தால் உள்ளே இருக்கும் அமைப்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, சூடு அதிகமாக உண்டாவதுதான் விஷயம். சூடாக வருகிறது, ஆனால் மெலிதாக வருகிறது, ஃபேனோ முழு வேகத்தில் கத்துகிறது என்றால் தூசி அடைத்திருக்கிறது. காற்று வேகமாக வந்தும் வெதுவெதுப்பாகக்கூட இல்லை, திரையில் மட்டும் 95 என்றால் சிப்பின் சூடு ஹீட் சிங்குக்கு ஏறவே இல்லை. பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், வெப்பத்தைக் கடத்தும் செப்புக் குழாய் பழுதாகியிருக்கலாம். 80 டிகிரியிலும் காற்றே இல்லை என்றால் ஃபேன் போய்விட்டது.

சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றாததை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பல மாடல்களில் சூடு ஏறினால்தான் அது எழும். கரகரவென்று உரசும் சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, நின்றுபோவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஃபேன் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்து அதையே வாங்க வேண்டும், மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகும். எச்பி லேப்டாப் ஆன் ஆகும்போது 90பி என்று ஒரு பிழை எண் காட்டினாலோ, திங்க்பேடில் ஃபேன் எரர் என்று வந்தாலோ லேப்டாப்பே உங்களிடம் இதைத்தான் சொல்கிறது.

5. ஒண்ணுமே திறக்கல, சும்மா இருக்கும்போதே ஃபேன் கத்துது. ஏன்?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியூ (ப்ராசஸர்) என்ற தலைப்பை ஒருமுறை சொடுக்கினால் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். விண்டோஸ் அப்டேட், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஸ்கேன், ஃபைல்களை வரிசைப்படுத்தும் இண்டெக்ஸிங் என்றால் பயப்பட வேண்டாம். புது லேப்டாப்பிலும் பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் சில மணி நேரம் இது நடக்கும், முடிந்தால் தானே அடங்கும். குரோம் மேலே இருந்தால், அதற்குள்ளேயே ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள், எந்த டேப் என்று தனியாகக் காட்டிவிடும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஃபேன் அடங்கி, மூடியதும் மறுபடி கத்துகிறதா? இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் கிரிப்டோ நாணயம் தோண்டும் சில வைரஸ்கள் டாஸ்க் மேனேஜரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் விதமாக எழுதப்பட்டவை. டாஸ்க் மேனேஜரை மூடிவிட்டு, 2-இல் சொன்ன மென்பொருளில் மட்டும் சதவீதத்தைக் கவனியுங்கள். சந்தேகம் உறுதியானால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடுங்கள். கிராக் செய்த மென்பொருள் போட்ட லேப்டாப் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

6. வாங்கி ஒரு மாசம்கூட ஆகல, 95 போகுது. டிஃபெக்ட் பீஸா?

பெரும்பாலும் இல்லை. உதாரணமாக இன்டெல்லின் ஐ5-1235யூ ப்ராசஸரின் அடிப்படை அளவு 15 வாட், டர்போவில் அதுவே 55 வாட் வரை போகலாம். இரண்டு விரல்கூடத் தடிமன் இல்லாத பெட்டிக்குள் 55 வாட் சூட்டை நெடுநேரம் வெளியேற்ற இடமில்லை, எனவே சிறிது நேரம் எகிறிவிட்டு இறங்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். எகிறி இறங்கினால் சரி.

வேலை கொடுக்காமலே 70-க்கு மேல் இருந்தாலோ, 4-இல் சொன்ன வேகமான குளிர்ந்த காற்று வந்தாலோ, வாரண்டியில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லைவிட எண் தெரியும் ஸ்க்ரீன்ஷாட்டோடு போவது நல்லது. அதற்கு முன் பயாஸுக்கு (லேப்டாப் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், ஃபேன் எப்போது சுற்ற வேண்டும் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது.

7. மெத்தையில வச்சுப் பார்க்கும்போது மட்டும்தான் சூடாகுது.

காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெரும்பாலான லேப்டாப்கள் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கின்றன, மெத்தையும் தலையணையும் அந்தத் துளைகளை மூடிவிடுகின்றன. ஒரு பரீட்சை அட்டையோ தட்டையான பலகையோ அடியில் வைத்தால் தீர்ந்தது.

8. கத்திரி வெயில்லதான் பிரச்சினை, மழைக்காலத்துல ஒண்ணும் இல்ல. அப்படின்னா வெயில்தானே காரணம்?

பாதி காரணம். ஃபேன் அறைக் காற்றை வைத்துத்தான் சூட்டைத் தள்ளுகிறது. அறை 28-லிருந்து 38 ஆனால், அதே வேலைக்கு ப்ராசஸரும் ஏறக்குறைய அந்தப் பத்து டிகிரி கூடத்தான் காட்டும். மழைக்காலத்தில் 85-இல் நின்றது, வேலூரிலோ திருச்சியிலோ மே மாத மதியத்தில் 95-ஐத் தொடுவதில் வியப்பில்லை. ஆனால் போன வருடக் கத்திரியைத் தாண்டிய லேப்டாப் இந்த வருடம் தாண்டவில்லை என்றால், இடையில் தூசியோ பேஸ்ட்டோ சேர்ந்துகொண்டிருக்கிறது. வெயிலை மட்டும் பழி சொல்லி விட்டுவிடாதீர்கள்.

இதோடு சேர்த்துக் கேட்பார்கள், ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைக்கலாமா என்று. கூடாது. வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளி கட்டும், சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரக்காற்று ஊர்களில் இன்னும் மோசம்.

9. வெளியில இருந்து நல்லா ஊதி க்ளீன் பண்ணிட்டேன், ஒண்ணும் மாறலியே?

தூசி நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. ஃபேனுக்கும், காற்று வெளியேறும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவே அது கம்பளித் துண்டு மாதிரி ஒரே படலமாகப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அந்தப் படலம் ஃபேன் பக்கம் கொஞ்சம் நகரும், ஃபேன் சுற்றியதும் மறுபடி அங்கேயே போய் ஒட்டும். சமையலறைப் பக்கம் வைத்துப் பயன்படுத்தும் லேப்டாப்பில் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து அது பிசுபிசுவென்று இருக்கும்.

அடிமூடியைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலாலோ குச்சியாலோ அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறான வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் கெடும். வீட்டு வேக்யூம் க்ளீனரை போர்டின் மேல் வைக்காதீர்கள், நிலைமின்சாரம் சிப்பைக் கொல்லும். வாரண்டி மிச்சம் இருந்தால் நீங்கள் திறப்பதற்கு முன் அதன் விதிகளைப் படியுங்கள்.

10. பேஸ்ட் மாத்தினா சரியாயிடும்னு கடையில சொல்றாங்க. மாத்தட்டுமா?

3-லும் 4-லும் பேஸ்ட்டைக் காட்டும் அடையாளம் வந்ததா? வந்தால் மாற்றுங்கள். தூசிக்கான அடையாளம் வந்தால் தூசியை எடுத்துவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள், பல நேரம் அதோடு முடிந்துவிடும். மூன்று நான்கு வருடம் தாண்டிய லேப்டாப்பில் பேஸ்ட் காய்ந்திருப்பது இயல்பு. தமிழக அரசு 2011-இலிருந்து கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றில் ஒரு முறைகூட மாற்றாதவை உண்டு, அவற்றுக்குக் கேட்காமலே மாற்றலாம்.

கடையில் கேட்க வேண்டியவை சில. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும், எந்த பேஸ்ட் என்று பெயர் கேளுங்கள். பெயரில்லாத மலிவு வெள்ளை பேஸ்ட் சீக்கிரம் காயும், ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 மாதிரி பெயருள்ளதை நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் நல்லது. கிராஃபிக்ஸ் மெமரி மேல் ரப்பர் மாதிரி ஒட்டியிருக்கும் தெர்மல் பேடுக்குப் பதிலாக பேஸ்ட் தடவவிடாதீர்கள், அந்தத் தடிமனை பேஸ்ட்டால் நிரப்ப முடியாது. ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும், அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுக்க முறுக்கினால் 3-இல் சொன்ன சாய்வு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அசுஸ் ரோக் போன்ற சில கேமிங் மாடல்களில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கும், அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும், அதில் அனுபவம் இல்லாதவரிடம் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் ஒரு அளவு, வாங்கும்போது அங்கேயே நின்று ஒரு அளவு. வித்தியாசம் இல்லை என்றால் பணம் கொடுப்பதற்கு முன்பே பேசுங்கள்.

11. கூலிங் பேட் வாங்கினா போதுமா?

லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் ஃபேன் பலகைதான் கூலிங் பேட். அடியில் காற்றுத் துளை இருக்கும் லேப்டாப்புக்குச் சில டிகிரி குறையும், அடியில் துளையே இல்லாத மாடலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பின்பக்கம் இரண்டு ரப்பர் கட்டைகளை வைத்துத் தூக்கினாலே அந்தப் பலனில் நல்ல பங்கு கிடைத்துவிடும். உள்ளே தூசிப் படலம் இருக்கும்போது கூலிங் பேட் வாங்குவது வீண் செலவு.

12. சார்ஜ் போடும்போது மட்டும் சூடாகுது. போட்டுக்கிட்டே வேலை செய்யக்கூடாதா?

தாராளமாகச் செய்யலாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் சூடாகும், சார்ஜரில் இருக்கும்போது ப்ராசஸரும் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும், இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சூடு. எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் போட்டுவிடுங்கள், பெரும்பாலான நிறுவனங்களின் மென்பொருளிலோ பயாஸிலோ அது இருக்கிறது. முழு சார்ஜும் சூடும் சேர்ந்திருப்பதுதான் லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கெடுக்கும்.

ஒன்றை மட்டும் இன்றே பாருங்கள். மூடிய லேப்டாப்பை சமமான மேஜையில் வைத்தால் ஆடுகிறதா, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா, சொடுக்கவே வரவில்லையா? பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, மறுபடி போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். அமுக்கிச் சமன் செய்யவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

13. திடீர்னு ஆஃப் ஆயிடுது. சூட்டாலதானா?

ஊகிக்க வேண்டாம், பதிவு செய்து பார்க்கலாம். நடந்தவற்றைப் பதிவு செய்து காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருப்பதைப் பார்த்துப் பலர் காரணம் கிடைத்ததாக நினைக்கிறார்கள், அது முறையாக அணைக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. எச்டபிள்யூ இன்ஃபோவில் லாக் எடுக்கும் வசதியைப் போட்டு விடுங்கள். அணைந்த பிறகு அந்த ஃபைலின் கடைசி வரியைப் பாருங்கள். 98, 100 என்று இருந்தால் சூடு. 60-இல் அணைந்திருந்தால் பேட்டரி, சார்ஜர் அல்லது போர்டு, பேஸ்ட் மாற்றி ஒரு பயனும் இல்லை. சார்ஜரோடு ஒருமுறை, சார்ஜர் இல்லாமல் ஒருமுறை என்று ஓட்டிப் பார்த்தால் அதிலும் எது என்று குறுகிவரும்.

14. மூடி பையில போட்டுட்டுப் போனேன், எடுக்கும்போது கொதிக்குது. மூடினா தூங்காதா?

முழுக்கத் தூங்குவதில்லை. இப்போதைய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் போன் மாதிரி அரைத்தூக்கம்தான், மெயில், அப்டேட் என்று இடையிடையே விழிக்கும். மேஜையில் அது தெரியாது, பைக்குள் சூட்டுக்குப் போக வழியில்லை. கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுக்க அணையும்படி) மாற்றிவிடுங்கள். மறுபடி திறக்கச் சில விநாடி அதிகமாகும், அவ்வளவுதான்.

15. எல்லாம் சுத்தமா இருக்கு, ஆனா கேம்ல 95-ஐ விட்டு இறங்க மாட்டேங்குது. அண்டர்வோல்ட் பண்ணலாமா?

முதலில் எளியதைச் செய்யுங்கள். கேமின் ஃப்ரேம் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, 60-க்குக் கட்டுப்படுத்துங்கள், 60 ஹெர்ட்ஸ் திரையில் அதற்குமேல் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் சூடாகத்தான் போகிறது. அடுத்து, பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் என்பதை 100-லிருந்து 99 ஆக்கினால் டர்போ நின்றுவிடும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும், சூடோ பத்து இருபது டிகிரி இறங்குவது உண்டு. வேகமும் குறையும், அது உங்கள் கேமுக்குப் போதுமா என்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அண்டர்வோல்ட், அதாவது ப்ராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பது, நல்ல வழிதான், ஆனால் 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் பயாஸ் அப்டேட் மூலம் அதைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய மாடலில் அதற்காகப் பழைய பயாஸுக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

16. பழைய லேப்டாப் வாங்கப் போறேன். கடையில நின்னுக்கிட்டே சூட்டுப் பிரச்சினை இருக்கான்னு பார்க்க முடியுமா?

முடியும், பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். கோர் டெம்ப்பைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். ஆன் செய்யும்போதே ஃபேன் பிழைச் செய்தி வருகிறதா என்று பார்த்துவிட்டு, 3-இல் உள்ள ஜிப் சோதனை, 4-இல் உள்ள கைச் சோதனை, 12-இல் உள்ள மேஜைச் சோதனை மூன்றையும் செய்யுங்கள். ஏசி ஓடும் கடையில் 85 என்றால் உங்கள் வீட்டு மாடி அறையில் எவ்வளவு வரும் என்பதை 8-இல் சொன்ன கணக்கோடு கூட்டிப் பாருங்கள். அடிமூடி ஸ்க்ரூக்களின் தலையில் கீறல் இருந்தால் ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள், என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். தூசி மட்டும்தான் என்று தெரிந்தால் சுத்தம் செய்யும் கூலியை விலையில் குறைத்து வாங்கலாம். செப்புக் குழாய் வளைந்தோ நசுங்கியோ இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த ஹீட் சிங்க் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரிக்காமல் எடுக்காதீர்கள்.